கூலிம் வீட்டில் உருவான மின்கிட்டார்

மரத்தூளும் தின்னரும் சூடேறிய ஈயமும் கலந்து எழும் வாசனை, ஒரு தலைமுறைக்கு முன்புவரை கூலிம் வட்டாரத் தமிழர் வீடுகள் அறியாத ஒன்றாகும். அந்நாளில் அவ்வீடுகளில் தங்கியிருந்தது புளித்த ரப்பர்ப் பாலின் நெடி. பால்மரம் வெட்டித் திரும்பியவர்களின் சட்டையிலும் வாளியிலும் சைக்கிள் கைப்பிடியிலும் அது ஒட்டிக்கொண்டிருந்து, எத்தனை முறை துவைத்தாலும் முற்றாக நீங்காமல், தோட்டத்துப் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளியில் எளிதில் அடையாளம் காட்டிக் கொடுத்தது. இவ்விரு வாசனைகளுக்கும் இடையே கடந்துபோன காலத்தில் கெடா மாநிலத் தமிழரின் தொழிலும் குடியிருப்பும் வழக்கங்களும் பெரிதும் மாறிவிட்டன. கைத்திறன் மட்டும் ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு இடம்பெயர்ந்து தொடர்ந்து வந்திருக்கிறது. உதிரிப் பாகங்களாக வாங்கிய ஒரு மின்கிட்டாரை வீட்டிலேயே இழைத்து, பூட்டி, மெருகேற்றி முடித்த நினைவுகளின் வழியாக அந்தத் தொடர்ச்சியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூலிம் நகரைச் சூழ்ந்து ஹென்றியேட்டா, விக்டோரியா, அனாக் கூலிம், பாகான் செனா, டப்ளின் எனப் பல தோட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு தோட்டமும் லயம் எனப்படும் வரிசை வீடுகளையும், ஒரு தமிழ்ப்பள்ளியையும், மாரியம்மன் கோயிலையும், பால் நிறுக்கும் ஸ்டோரையும், ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தையும் கொண்ட தனி ஊராகவே இயங்கியது. விடியுமுன் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கூடியவர்கள், தலைவிளக்குடன் தத்தம் நிரைக்குச் சென்று, வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடித்தனர். பால்வெட்டு, புறத்தே பார்ப்பவருக்கு எளிய வேலையாகத் தோன்றினாலும், மிக நுண்ணிய அளவுகளுக்குக் கட்டுப்பட்டது. பாலைச் சுமக்கும் குழல்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தின் வளர்படலத்தை ஒட்டியே மிகுதியாக இருப்பதால், கத்தி அப்படலத்தை நெருங்க வேண்டும். ஆனால் அதைத் தொட்டுவிடக் கூடாது. ஒருமுறை வெட்டும்போது சீவப்படும் பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே இருக்க வேண்டும். கூடினால் பட்டை விரைவில் தீர்ந்துபோகும். ஆழம் மிகுந்தால் காயம் முடிச்சிட்டு, அவ்விடத்தில் மறுபடியும் வெட்ட இயலாமல் போகும்.

இக்கட்டுரையாளரின் தந்தை அத்தகைய ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். மாலை வேளைகளில் லயத்து வாசற்படியில் அமர்ந்து, தண்ணீர் தெளித்த கல்லில் கத்தியைத் தீட்டுவது அவருடைய நாள்தவறாத வழக்கமாக இருந்தது. தீட்டி முடித்ததும் கத்தியின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பார்ப்பார். விளிம்பு வழுக்கினால் மீண்டும் கல்லுக்குப் போகும். நகத்தைப் பற்றி நின்றால் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைக்கப்படும். இருட்டில் வெட்டுபவருக்குக் கண்ணைக் காட்டிலும் விரலே வழிகாட்டி என்பதால், பட்டையின் மேடுபள்ளங்களைத் தடவியே அறியும் பழக்கம் அத்தலைமுறையினர் அனைவருக்கும் இயல்பாக வாய்த்திருந்தது. அதைத் திறமை என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதும் செக்ரோல் பதிவேட்டில் பாலின் எடை மட்டுமே பதிவாயிற்று.

தோட்டத்து இசை பெரும்பாலும் கோயிலைச் சார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியமும் டோலக்கும் ஜால்ராவும் போதுமானவையாக இருந்தன. ஆண்டுத் திருவிழாவுக்கு உறுமி மேளம் வந்தது. கிட்டார் என்றால் அது பெரும்பாலும் சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து வந்த கப்போக் கிட்டார்தான். மலிவான விலையில் கிடைத்த அந்த மரக்கிட்டார் இனவேறுபாடின்றி மலேசிய இளைஞர் எல்லாரிடமும் புழங்கியது; லயத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து வாசிக்கும் இளைஞர் ஒருவரேனும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார். மின்கிட்டார் அப்படிப்பட்டதன்று. அது திருவிழாவின் கடைசி இரவில், பட்டணத்திலிருந்து வாடகைக்கு வரும் இசைக்குழுவோடு லாரியில் வந்து, விடியுமுன் அதே லாரியில் திரும்பிப்போகும் பொருளாக இருந்தது.

மின்கிட்டார் இந்நாட்டில் வேரூன்றிய வரலாறு 1960களைச் சேர்ந்தது. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் நடத்திய நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், மூன்று கிட்டார்களும் ஒரு டிரம்ஸும் கொண்ட குழுக்கள் மலாயா எங்கும் பெருகின. மலாய் மொழியில் அவற்றைக் குகிரான் என்றும், அவை வளர்த்த இசையைப் பாப் யே யே என்றும் அழைத்தனர். பினாங்கில் அதே பத்தாண்டின் பிற்பகுதியில் உருவான ஆலிகேட்ஸ் குழுவை முன்னின்று நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள். ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துத் தேறி, பின்பு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் அறியப்பட்ட அக்குழு, கூலிம் போன்ற சிற்றூர்த் தமிழ் இளைஞர்களுக்கு ஓர் எல்லையைத் திறந்து காட்டியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த திரையிசையும் அவ்வார்வத்தைப் பெருக்கியது. 1980-இல் வெளிவந்த மூடுபனி, 1982-இல் வெளிவந்த பயணங்கள் முடிவதில்லை ஆகிய படங்களில் இளையராஜா கிட்டாரை முன்னிறுத்தி அமைத்த பாடல்கள் வானொலியிலும் ஒலிநாடாவிலும் ஓயாமல் ஒலித்தன. அத்தொடக்கங்களை வாசிக்கத் தெரிந்தவரே கிட்டார் தெரிந்தவர் என்று தோட்டத்துப் பிள்ளைகள் முடிவு கட்டியிருந்தனர்.

அத்தகைய திருவிழா இரவு ஒன்றில், மேடையின் பின்புறம் ஜெனரேட்டரின் இரைச்சலுக்கு அருகே, இடைவேளைக்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு மின்கிட்டாரை மிக அருகில் காணும் வாய்ப்பு கட்டுரையாளருக்குச் சிறுவயதில் கிடைத்தது. முன்புறம் சிவப்பும் மஞ்சளும் மின்ன இருந்த அக்கருவியின் முதுகில், மூடியற்ற ஒரு செவ்வகக் குழி இருந்தது. அதனுள் மூன்று சுருள்வில்கள் அடுத்தடுத்து இழுபட்டு நின்றன. அவற்றிலொன்றின் கொக்கியோடு ஒரு கறுப்புக் கம்பி ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தது. குழியின் ஓரங்களில் சாயம் ஏறாத வெளிறிய மரம் தெரிந்தது. மேடையின் வெளிச்சத்தில் எட்டாத பொருளாகத் தோன்றிய ஒன்று, மரத்தாலும் திருகாணியாலும் கம்பியாலும் மனிதக் கைகள் செய்து முடித்த பொருள்தான் என்பது அந்தக் குழிக்குள் பார்த்த கணத்திலேயே விளங்கிற்று. விளங்கிய போதிலும், அதை வீட்டில் செய்து பார்க்கத் தேவையான கருவிகளும் பாகங்களும் பணமும் அக்காலத் தோட்டக் குடும்பத்திற்கு வாய்க்கவில்லை.

நிலைமையை மாற்றியவை தொழிற்சாலைகள். 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டு, மின்னணு நிறுவனங்கள் அங்கு வந்து சேர்ந்தன. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், நிலப்பகுதியிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகள் நேராகவே தீவுக்குச் செல்ல முடிந்தது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா தொடங்கப்பட்டபோது, வேலை கூலிமுக்கே வந்தது. தாயும் தந்தையும் பெரட்டுக்கு எழுந்த அதே இருட்டில், மகள்கள் சீருடையுடன் பேருந்துக்குக் காத்து நின்றனர். கட்டுரையாளரின் தமக்கையும் அவர்களுள் ஒருவர். மின்சுற்றுப் பலகைகளில் பாகங்களை ஒட்டுவதும், பெருக்காடி வழியே ஒட்டுகளைச் சோதிப்பதும், பழுதான ஒட்டுகளைப் பிரித்து மறுபடி ஒட்டுவதும் அவருடைய வேலையாக இருந்தன. இதே காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான் என்று அழைக்கப்படும் குடியிருப்புகளின் இணைவீடுகளில் குடியேறின. கிட்டார் உருவானது அத்தகைய ஒரு வீட்டின் முன்புறக் கூரைக்கடியில், தந்தை ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன பின்பு.

வீட்டில் பூட்டும் கிட்டார்த் தொகுப்பு என்பது, வெட்டிக் குடையப்பட்ட மர உடல், மெட்டுகள் பதித்த கழுத்து, காந்தச்சுருள்கள், திருகுகள், தந்திகளைத் தாங்கும் குதிரை, தந்திகளை முறுக்கும் பிரடைகள் ஆகியவை தனித்தனியாக ஒரு பெட்டியில் வருவதாகும். இப்படி ஒரு தொகுப்பு சாத்தியமானதற்கு அடிப்படை, கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்திய லியோ ஃபெண்டர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவமைப்பு. அதற்கு முன்பு கிட்டாரின் கழுத்தும் உடலும் பெரும்பாலும் பசையால் நிலையாக இணைக்கப்பட்டன. அவர் நான்கு திருகாணிகளால் கழுத்தை உடலோடு பூட்டினார். உடைந்தால் கழற்றி மாற்றலாம், தனித்தனியாகச் செய்து பின்னர் இணைக்கலாம் என்னும் அந்தத் தொழிற்சாலை முறை, 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரிலும் தொடர்ந்து, பின்னாளில் உலகெங்கும் வீட்டுக் கைவினைஞருக்கு உதவியாக அமைந்தது. கிட்டார் வாசிக்கவே தெரியாத ஒரு வானொலிப் பழுதுபார்ப்பாளர் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்தார் என்பது, கருவியை அறிய வாசிப்பு ஒன்றே வழி அன்று என்பதற்குச் சான்றாகும்.

தொகுப்பு எதுவுமின்றி வீட்டிலேயே மின்கிட்டார் செய்தவர்களும் உண்டு. பின்னாளில் குவீன் இசைக்குழுவில் புகழ்பெற்ற பிரையன் மே, 1963-இல் தம் பதினாறாம் வயதில், மின்னணுப் பொறியியல் அறிந்த தம் தந்தை ஹாரல்டுடன் சேர்ந்து ஒரு கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்திலிருந்து எடுத்த மகாகனி மரம் அதன் கழுத்தாயிற்று; மோட்டார் சைக்கிளின் வால்வு வில்கள் அதிர்வுக் குதிரைக்குப் பயன்பட்டன. ஏறத்தாழ ஈராண்டு உழைப்பில் உருவான அந்தக் கருவியையே அவர் வாழ்நாள் முழுவதும் மேடையில் வாசித்து வருகிறார். தந்தையும் மகனும் ஒரே மேசையில் ஒரே பொருளைச் செய்வது என்னும் அந்நிகழ்வே, கூலிமில் பெட்டி வந்து சேர்ந்தபோது தந்தையையும் அழைத்து உட்கார்த்தும் எண்ணத்தைக் கட்டுரையாளருக்குத் தந்தது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கவனத்தை ஈர்ப்பது கழுத்து. வீணை அறிந்த தமிழருக்கு மெட்டுகள் புதியவை அல்ல. வீணையின் 24 மெட்டுகளையும் செய்பவர் தம் செவியால் சுரம் கேட்டு மெழுகின்மேல் நிறுத்துகிறார். மெழுகு இளகும்போது அவற்றை மறுபடியும் அமைக்கலாம். கிட்டாரிலோ மெட்டுகள் மரத்தில் அறுத்த பிளவுகளில் நிலையாக அடிக்கப்படுவதால், அவற்றின் இடங்கள் முன்கூட்டியே கணக்கிடப்படுகின்றன. தந்தியின் அதிரும் நீளத்தை 17.817 என்னும் எண்ணால் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு கிடைக்கும். எஞ்சிய நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டின் தொலைவு கிடைக்கும். 648 மி.மீ. நீளமுள்ள தந்திக்கு முதல் மெட்டு 36 மி.மீ. தொலைவில் அமைய, 22-ஆம் மெட்டு தனக்கு முந்தையதிலிருந்து 11 மி.மீ. தொலைவுக்குள் நெருங்கி நிற்கும். 12-ஆம் மெட்டு சரிபாதியில், 324 மி.மீ. தொலைவில் நின்று, மேல் சட்சமத்தைத் தரும். ஆகவே, வீட்டில் பூட்டுபவர் கழுத்தையும் குதிரையையும் ஒரே நேர்கோட்டில், உரிய தொலைவில் நிறுத்துவதிலேயே மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். அது பிறழ்ந்தால் எந்த மெருகும் கருவியைக் காப்பாற்றாது.

உடல் இழைக்கும் வேலையில்தான் தந்தையின் கை முழுமையாக வெளிப்பட்டது. தொகுப்பில் வந்த உடல் பாஸ்வுட் என்னும் மென்மையான வெளிறிய மரம். முதலில் 120 எண் உப்புத்தாள், அடுத்து 180, 240, 320 என்று படிப்படியாக நுண்மையை நோக்கிச் செல்லும் முறையைக் கட்டுரையாளர் படித்து வைத்திருந்தார். தாளை ஒரு கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. தந்தை எதையும் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு விரல்களின் நுனியை உடலின் வளைவில் மெல்ல ஓட்டி, கொம்பு போன்று நீண்டிருக்கும் மேற்பகுதியின் உட்புறத்தில் நிறுத்தி, “இங்க இன்னும் மேடு இருக்குப்பா, தடவிப் பாரு” என்றார். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு, சாயம் ஏறி ஒளி படும்போது அலையாகத் தெரியக்கூடியது. மில்லிமீட்டரின் பகுதிகளை இருட்டில் அளந்து பழகிய விரல்கள் அவை. அந்த அறிவுக்குத் தோட்டத்திற்கு வெளியே ஒரு பயன் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. அன்றுமுதல் உப்புத்தாளை எந்த எண்ணுக்கு மாற்றுவது என்பதை அவரே முடிவு செய்தார். இடையில் ஈரத்துணியால் மரத்தை நனைத்து, எழும்பி நிற்கும் நார்களை உலர்ந்தபின் தேய்த்து நீக்கும் முறையைச் சொன்னபோது, பலகை அறுத்தவர் எவருக்கும் தெரிந்ததுதானே என்று தலையசைத்தார்.

இழைத்த மரத்துக்கு மெருகேற்றுவது கூலிமின் வானிலையோடு பொருந்திச் செய்ய வேண்டிய வேலை. மலேசிய மரப்பொருள் பட்டறைகளில் பெரிதும் பயன்படுவது என்.சி. லெக்கர் எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் மெருகெண்ணெய். அது தின்னரில் கரைந்த நிலையில் தெளிக்கப்பட்டு, தின்னர் ஆவியானதும் கடினமான படலமாக நிற்கும். ஆவியாதல் விரைவாக நடைபெறும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்வதால், காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அது படலத்தின்மேல் படிந்து, பனி மூடியதுபோன்ற வெண்மையை உண்டாக்கும். பக்கத்துத் தெருவில் குடியிருந்த, மேசை நாற்காலிப் பட்டறையில் தெளிப்பு வேலை செய்த பெரியவர் ஒருவர் இதை முன்கூட்டியே எச்சரித்து, காலை பத்து மணிக்கு மேல், மாலை மழை கறுப்பதற்கு முன் மட்டுமே தெளிக்க வேண்டும் என்று விதித்தார். வடமேற்கு மலேசியாவில் ஆண்டின் வறண்ட காலம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அமைகிறது. ஆகவே, தைப்பூசம் முடிந்து காவடிகள் பரணுக்குத் திரும்பிய வறட்சி வாரங்களே அவ்வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

முதலில் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சேண்டிங் சீலர், அதன்மேல் செம்பழுப்புச் சாயம் கலந்த லெக்கர், அதன்மேல் நிறமற்ற லெக்கர் என்று மெல்லிய பூச்சுகள் அடுத்தடுத்து ஏறின. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே உலரும் நேரம் விடவேண்டும். பொறுமையிழந்து தடிப்பாகத் தெளித்தால் பூச்சு வழிந்து இறங்கும். துணி காயப்போடும் கம்பியில், கழுத்து பூட்டும் குழியில் திருகிய ஒரு குச்சியின் துணையோடு கிட்டார் உடல் தொங்கிற்று. நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், முன்வாசல் சாமி மாடத்தில் மாலை விளக்கேற்றும் தாயார், அந்நாட்களில் நெடி முற்றாக அடங்கும்வரை காத்திருந்து, விளக்கையும் பின்கட்டுக்கு மாற்றி ஏற்றினார். தொழிலுக்காக வழிபாட்டு நேரத்தைச் சற்றே நகர்த்துவது அவருக்குப் புதிதன்று. பால்வெட்டுக் காலத்தில் மழையைப் பொறுத்தே வீட்டின் எல்லா நேரங்களும் அமைந்திருந்தன. கடைசிப் பூச்சுக்குப் பின் படலம் முழுமையாக இறுகச் சில வாரங்கள் விடப்பட்டு, பின்னர் தண்ணீர் தொட்ட நுண்ணிய உப்புத்தாளாலும், கார் மெருகேற்றும் பசையாலும் தேய்த்ததும், செம்பழுப்பின் அடியிலிருந்து மரத்தின் ரேகை தெளிந்து வந்தது.

மின்கம்பிகளை இணைக்கும் வேலை தமக்கைக்கு உரியதாயிற்று. மின்கிட்டாரின் உயிர்நிலை பிக்அப் என்னும் காந்தச்சுருள். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைக் காட்டிலும் மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் இவ்விதியை, நூறாண்டு கழித்து 1931-இல் ஜார்ஜ் பூஷாம்ப் ஒரு கிட்டாரில் பொருத்தி வெற்றி கண்டார். சுருளிலிருந்து வரும் மின்னோட்டம், ஒலியளவையும் தொனியையும் மாற்றும் திருகுகளின் வழியே செல்கிறது. தொனித் திருகோடு இணைந்த சிறு மின்தேக்கி, உயர்ந்த அதிர்வுகளைத் தரைக்கம்பிக்குக் கடத்திவிடுவதால், திருகைக் குறைக்கக் குறைக்க ஒலியின் கூர்மை மழுங்குகிறது.

பற்றவைப்புக் கோலைத் தமக்கை பிடித்த விதத்திலேயே பல்லாண்டுப் பயிற்சி தெரிந்தது. முனையை ஈரப்பஞ்சில் துடைத்து, சிறிது ஈயம் பூசி, அதன் பின்னரே இணைப்பைத் தொட்டார். “ஈயத்தச் சூடாக்காதடா; கம்பியச் சூடாக்கு. ஈயம் தானா ஓடிப் பிடிச்சுக்கும்” என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் கலந்த பழைய ஈயம் 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்குவது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பின்னர் பரவலாக வழக்கத்துக்கு வந்த காரீயமற்ற கலவையோ 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். இந்த மாற்றம் நடந்தபோது தொழிற்சாலை வரிசையில் இருந்தவர் என்ற முறையில், சூட்டின் அளவைக் கூட்டும்போது எது கருகும், எது தாங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒலித்திருகின் உலோக முதுகில் தரைக்கம்பியை ஒட்டுவது இவ்வேலையில் கடினமான பகுதி. பெரிய உலோகப் பரப்பு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் கோலைச் சில நொடிகள் நிறுத்த வேண்டும். அதிகம் நிறுத்தினால் திருகின் உள்ளிருக்கும் கரித்தடம் கெடும். தமக்கை அகன்ற முனையை மாற்றி, ஒரே தொடுகையில் அதை முடித்தார்; ஒட்டு, குவிந்து நிற்காமல் ஓரங்களில் மெல்லியதாகப் பரவி, பளபளப்பாக உறைந்தது. அவ்வாறு உறைந்தால்தான் ஒட்டு நல்லது என்று ஆயிரக்கணக்கான பலகைகளைப் பார்த்துத் தேர்ந்தவரின் தீர்ப்பு அது. குழியின் உட்புறம் செப்புத்தாள் ஒட்டித் தரைக்கம்பியோடு இணைத்ததால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் பெரிதும் அடங்கியது.

பூட்டி முடித்த கருவி உடனே பாடுவதில்லை. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு ஈடான விசையால் கழுத்தை முன்னே இழுப்பதால், கழுத்தினுள் ஓடும் எஃகுத் தண்டைத் திருகி அவ்விழுப்பைச் சமன்செய்ய வேண்டும். 12-ஆம் மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி அமைய வேண்டும். அதே மெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒத்திருக்க வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்து கேட்டால் குதிரையைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இச்சோதனைக்கு வீட்டில் கிடைத்த அளவுகோல் தந்தையின் பஜனை ஆர்மோனியம். அதன் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் கேட்க, கட்டுரையாளர் பிரடைகளை முறுக்க, இரு ஒலிகளுக்கும் இடையிலான அலைவு மெல்லக் குறைந்து மறையும் இடத்தில், “சுதி சேந்துடுச்சு” என்று அவர் தெளிவாகச் சொன்னார். அவ்வார வெள்ளிக்கிழமை பஜனையில், சிறிய ஒலிபெருக்கி ஒன்றின் துணையோடு, அக்கிட்டார் ஆர்மோனியத்துக்கு அருகில் அமர்ந்தது. மெட்டுகளால் கட்டுண்ட கருவியில் தமிழ்ப் பாடல்களின் கமகத்தை எவ்வாறு கொண்டுவருவது என்று சிலர் ஐயுற்றனர். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் வழுக்கியும் அதை எழுப்பலாம் என்பதைத் திட உடல் கொண்ட மின்மாண்டலினில் யு. ஸ்ரீநிவாசும், மின்கிட்டாரில் சுகுமார் பிரசாத்தும் கர்நாடக இசை மேடைகளிலேயே முன்பே நிறுவியிருந்தனர்.

இக்கிட்டாருக்குப் பின்னாளில் மற்றோர் உடலும் அமைந்தது. அதன் மரம் ரப்பர். கழுத்து திருகாணியால் பூட்டப்பட்டது என்பதால் மாற்றுவது எளிதாயிற்று. தோட்டக் காலத்தில், பால் வற்றிய மரங்கள் இருபத்தைந்து முப்பது ஆண்டு வயதில் வெட்டி வீழ்த்தப்பட்டபோது, அவை பெரும்பாலும் புகைக்கூடத்துக்கும் அடுப்புக்கும் விறகாயின. வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சையும் துளைப்பான் வண்டும் தாக்கும் மரம் என்பதால், அதைப் பலகையாக்க எவரும் விரும்பவில்லை. போரான் உப்புக்கரைசலை அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே, ரப்பர் மரம் மலேசிய மரப்பொருள் தொழிலின் முதன்மை மூலப்பொருளாக உயர்ந்தது. கனமீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ள அம்மரம் பாஸ்வுட்டைவிடக் கனமானது. தோளில் அந்த வேறுபாடு தெரியும். ஆனால் திருகாணியை உறுதியாகப் பற்றும், இழைத்தால் நன்கு மெருகேறும். தூங்குமூஞ்சி மரம் முதலிய உள்நாட்டில் கிடைக்கும் மரங்களைக் கொண்டு கிட்டார்கள் செய்து பன்னாட்டுக் கவனம் பெற்ற மலேசியக் கைவினைஞர் ஜெஃப்ரி யோங் போன்றோர், நல்ல கருவிக்கு மரம் தொலைதூரத்திலிருந்தே வரவேண்டும் என்னும் எண்ணத்தை ஏற்கெனவே மாற்றியிருந்தனர். பலகையைக் கண்ட தந்தை, வெட்டுக்காயம் பட்ட இடம் ரேகையில் எவ்வாறு சுழித்துச் செல்லும் என்பதை விரலால் வரைந்து காட்டி, அப்பகுதியைத் தவிர்த்து உடலை வரையச் சொன்னார்.

இன்று கூலிமில் கிட்டார்த் தொகுப்பு கைப்பேசியின் வழியே சில நூறு வெள்ளிக்கு வாங்கப்பட்டு, வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. தோட்டத்துத் திருவிழாக்கள் பலவும் தாமான் கோயில்களுக்கு இடம்மாறிவிட்டன. லாரியில் வந்த இசைக்குழுக்களின் இடத்தைப் பதிவு செய்த இசைக்குப் பாடும் முறை பெருமளவு பிடித்துக்கொண்டது. ஆயினும் தாமே இழைத்துப் பூட்டிய கிட்டார் உள்ள வீடுகளை நாடி, ஒலி அறுந்த கிட்டாரோடும் வளைந்த கழுத்தோடும் இளைஞர்கள் வருகின்றனர். தமக்கையின் மேசையில் அவை திறக்கப்பட்டு, காரணம் விளக்கப்பட்டு, அவர்கள் கையாலேயே சரிசெய்யப்படுகின்றன.

கெடாத் தோட்டத் தமிழரின் வாழ்வை எழுதியவர்கள் அவர்களின் வறுமையையும் இடப்பெயர்வையும் உழைப்புக்கேற்ற ஊதியமின்மையையும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர்; அப்பதிவு இன்றியமையாதது. அவர்களின் கைகள் அறிந்திருந்தவை எவை என்பது அதே அளவுக்குப் பதிவாகவில்லை. ஒரு மில்லிமீட்டர் பட்டையை இருட்டில் சீவிய தொழிலாளியும், பெருக்காடியின் கீழ் ஒட்டின் தரத்தை ஒரு பார்வையில் கணித்த பெண்ணும், ‘திறனற்ற தொழிலாளர்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் கணக்கெடுக்கப்பட்டனர். ஒரு மின்கிட்டாரை முழுமையாகச் செய்து முடிக்க இவ்விருவரின் அறிவும் தேவைப்பட்டது என்பதும், அவ்வறிவு வேறெங்கும் தேடிப்போகாமல் ஒரே வீட்டுக்குள் கிடைத்தது என்பதும் அந்தத் தலைப்பு தவறு என்பதைக் காட்டப் போதுமானவை. பால்வெட்டுத் தலைமுறையினரில் எஞ்சியிருப்போர் முதிர்ந்துவிட்டனர். தொழிற்சாலை வரிசைகளில் இயந்திரங்கள் கைகளின் இடத்தைப் பிடித்து வருகின்றன. இவ்விரு தலைமுறையினரையும் பேட்டி காண்பவர்கள் சம்பளத்தையும் துயரத்தையும் கேட்பதோடு நில்லாமல், கத்தியை எவ்வாறு தீட்டினீர்கள், ஒட்டு நன்றென்று எதனால் அறிந்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். இயன்றால் ஒரு மரத்துண்டையும் பற்றவைப்புக் கோலையும் அவர்கள் கையில் கொடுத்து, இளையவர் ஒருவரை அருகில் அமர்த்த வேண்டும்.